மின்சாரக் காரை வீட்டிலும் வெளியிலும் சார்ஜ் செய்ய உண்மையில் எவ்வளவு ஆகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்லாவரத்தில் தனி வீடு. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 400 யூனிட் மின்சாரம் செலவாகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் கார் ஓட்டுவீர்கள், அவ்வப்போது மதுரைக்கும் போய்வருவீர்கள். கார் விற்கும் இடத்தில் ‘கிலோமீட்டருக்கு ஐம்பது காசுகூட ஆகாது’ என்றார்கள். நண்பர் ஒருவரோ ‘வெளியில் சார்ஜ் போட்டால் டீசல் கார் செலவே வந்துவிடும்’ என்கிறார். இதில் எது சரி என்பதும், வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் உங்கள் தம்பிக்கும் அதே கணக்கு பொருந்துமா என்பதும் நீங்கள் கேட்டவை.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 40 காசை ஒட்டி ஆகும். நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜரை நம்பினால் ஏறக்குறைய 4 ரூபாய் ஆகும். இரண்டையும் கலந்து, பெரும்பகுதி வீட்டிலும் சிறுபகுதி வெளியிலும் சார்ஜ் செய்கிற சாதாரணக் குடும்பத்துக்கு 1 ரூபாய் 80 காசுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆக, விற்பனையாளரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நண்பர் சொல்வது நெடுஞ்சாலைப் பயணத்துக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். இந்த எண்கள் எப்படி வந்தன என்பதை விளக்கினால்தான் உங்கள் வீட்டு பில்லை வைத்து நீங்களே கணக்குப் போட முடியும். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விற்பனையாளரின் ஐம்பது காசு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 40.5 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட டாடா நெக்ஸான் மின்சாரக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். கிலோவாட் மணி என்பது நாம் வீட்டில் யூனிட் என்று சொல்வதுதான், பேட்டரியில் 40.5 யூனிட் பிடிக்கும். ஒரு யூனிட் 4 ரூபாய் 70 காசு என்று வைத்தால் முழு சார்ஜுக்கு 190 ரூபாய். 2023-இல் அந்தக் கார் வந்தபோது சான்றளிக்கப்பட்ட தூரம் 465 கிலோமீட்டர். 190-ஐ 465-ஆல் வகுத்தால் 41 காசு. பெருக்கல் வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்த வகுத்தலில் மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றுமே நடைமுறைக்குப் பொருந்தாதவை.

முதலாவது, தூரம். சான்றிதழில் உள்ள தூரம் ஆய்வுக்கூடத்தில் குறிப்பிட்ட வேகச் சுழற்சியில் அளக்கப்படுவது. சென்னை வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலிலும் வெளிவட்டச் சாலையிலும் மாறி மாறி ஓட்டுகையில் அந்த அளவு பேட்டரிக்கு 280 முதல் 300 கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல ஓட்டம் என்றே சொல்வேன். பேட்டரியில் இருக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நியாயமானது.

இரண்டாவது, வழியில் வீணாகும் மின்சாரம். இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வீட்டுச் சுவரிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம். பேட்டரி ஏற்பது நேர்திசை மின்னோட்டம். காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. சார்ஜ் ஆகும் நேரம் முழுவதும் காரின் மின்னணுப் பகுதிகளும் குளிர்விக்கும் பம்பும் விழித்தபடியே இருக்கின்றன. அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். என் வீட்டில் காருக்கான இணைப்பில் தனியாக ஒரு சிறிய மீட்டர் வைத்திருக்கிறேன். ஓர் இரவு கார் 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏறியது. பேட்டரிக்குள் போனது 28 யூனிட்டுக்குச் சற்று மேல். மீட்டரில் ஓடியது 32 யூனிட். நூறு யூனிட்டுக்குப் பணம் கட்டினால் எண்பத்தெட்டுதான் காருக்குள் போகிறது. இந்த இழப்பு காருக்குக் கார் மாறும். பத்து முதல் பதினைந்து சதவீதம் என்று ஒதுக்கிவைப்பது பாதுகாப்பானது. இதையும் சேர்த்தால், மீட்டரில் ஓடும் ஒரு யூனிட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆறேகால் கிலோமீட்டர்தான். மாதம் ஆயிரம், அதாவது ஒரு பில் காலத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்ட உங்களுக்கு 320 யூனிட் வேண்டும். இந்த 320-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கணக்கு எல்லாம் இதைச் சுற்றித்தான்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: யூனிட்டின் விலை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு ஒரே விலை கிடையாது. ஸ்லாப் என்று எல்லோரும் சொல்லும் அடுக்கு முறை இங்கே இருக்கிறது. அதுவும் இரண்டு மாதப் பயன்பாட்டை வைத்து. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, வீட்டு உபயோகிப்பாளர் கட்டும் விகிதங்களை வைத்தே இங்கே எல்லாக் கணக்கையும் போடுகிறேன். (2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.) முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தப் பயன்பாடு 500-க்குள் இருந்தால் அடுத்த நூறுக்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் 101-லிருந்தே 4 ரூபாய் 70 காசு. பிறகு 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 800 வரை 9 ரூபாய் 45 காசு, 1000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கு மேல் 11 ரூபாய் 55 காசு.

இந்த அட்டவணையில் ஒளிந்திருக்கும் ஒரு படியைக் கவனியுங்கள். 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு. இரண்டாவது நூறுக்கு இருந்த பாதி விலைச் சலுகை பறிபோவதால் 235 ரூபாய் ஒரே அடியாக ஏறுகிறது. கார் வாங்கிய பலருடைய முதல் பில்லில் வரும் அதிர்ச்சிக்கு இந்தப் படியும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். இன்று 400 யூனிட்டுக்கு நீங்கள் கட்டுவது 1,175 ரூபாய். கார் வந்தபின் 720 யூனிட். அதற்கு பில் 4,014 ரூபாய். வித்தியாசம் 2,839 ரூபாய். இதுதான் காரின் செலவு. 320-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய் 87 காசு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்குப் பகிர்ந்தால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 42 காசு. மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, ‘சராசரியாக ஐந்தரை ரூபாய்தானே ஆகிறது’ என்று சிலர் ஆறுதல் கொள்வார்கள். அந்த முறையில் எனக்கு உடன்பாடு இல்லை. கார் வருவதற்கு முன்பும் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தன; இலவச நூறும் மலிவான அடுக்குகளும் அவற்றுக்கே போய்விட்டன. கடைசியாக வந்து சேர்ந்த கார், மேலே உள்ள விலையுயர்ந்த அடுக்குகளில்தான் உட்காருகிறது. கார் இல்லாவிட்டால் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்ற வித்தியாசம் ஒன்றே நேர்மையான கணக்கு.

அதே காரை, அதே தூரத்தை, வேறு வீட்டில் வைத்துப் பாருங்கள். ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டும் செலவழிக்கும் ஒரு சிறு குடும்பத்தின் பில் இப்போது 117 ரூபாய் 50 காசு. காருடன் 470 யூனிட்டுக்கு 1,616 ரூபாய். காரின் பங்கு யூனிட்டுக்கு 4 ரூபாய் 68 காசு, கிலோமீட்டருக்கு 75 காசு. ஏற்கெனவே 800 யூனிட் ஓடும் பெரிய வீட்டில் பில் 4,770-லிருந்து 8,256 ரூபாய் ஆகிறது. யூனிட்டுக்கு 10 ரூபாய் 89 காசு, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 74 காசு. ஒரே ஊர், ஒரே மின்வாரியம், ஒரே கார்; செலவு இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. உங்கள் வீட்டிலேயே மே மாதமும் டிசம்பரும் ஒன்றாக இருக்காது. கோடையில் ஏ.சி. ஓடி அடிப்படைப் பயன்பாடு 600-க்குப் போனால் காருக்கான செலவு 3,150 ரூபாய் ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு பில்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஓராண்டின் ஆறு பில்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 320 யூனிட்டைக் கூட்டிப் பாருங்கள்.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. ‘இரவில் சார்ஜ் போட்டால் மலிவு’ என்ற அறிவுரையை நீங்கள் நிறையப் படித்திருப்பீர்கள். அது பிரிட்டன் போன்ற நாடுகளில் முழு உண்மை. அங்கே இரவு நேரத்துக்கென்றே மிகக் குறைந்த கட்டணத் திட்டங்களை மின் நிறுவனங்கள் தருகின்றன. தமிழ்நாட்டு வீட்டு இணைப்பில் பகலுக்கும் இரவுக்கும் ஒரே விலைதான். இரவில் சார்ஜ் செய்வது கார் சும்மா நிற்கும் நேரம் என்பதால் வசதி. பில்லில் அது ஒரு காசுகூடக் குறைக்காது.

அதே போல, காருக்கென்று வணிகக் கட்டணம் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். வீட்டில் தன் வாகனத்துக்குச் செய்யும் சார்ஜுக்கு வீட்டு உபயோகக் கட்டணமே பொருந்தும் என்பதை மத்திய மின்துறையின் 2022 ஜனவரி வழிகாட்டு நெறிமுறைகளே தெளிவாகச் சொல்லிவிட்டன. கவனிக்க வேண்டியது அனுமதிக்கப்பட்ட மின்பளுவை, அதாவது உங்கள் இணைப்பு ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் இழுக்கலாம் என்ற வரம்பை. காருடன் வரும் கையடக்க சார்ஜரை 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் அது மூன்று கிலோவாட்டை ஒட்டி இழுக்கும். பத்து மணி நேரத்தில் நூற்றெழுபது, நூற்றெண்பது கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறிவிடும். நாளொன்றுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு இதுவே தாராளம். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜரை வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். அதற்கு மும்முனை இணைப்பு, கூடுதல் மின்பளு, தடித்த கேபிள் என்று செலவு தொடரும். யூனிட்டின் விலை அதனால் குறையப்போவதில்லை. நேரம் மட்டுமே மிச்சம். ஆறு மாதம் 15 ஆம்பியரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் மாறிக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 15 ஆம்பியர் இணைப்பில் கஞ்சத்தனம் கூடாது. என் வீட்டில் முதல் வாரம் மோட்டார் அறையில் இருந்த பழைய பிளக்கிலேயே செருகியிருந்தேன். மூன்று மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது கை வைக்க முடியாத சூடு. பிளக்கின் ஓரம் லேசாகப் பழுப்பேறியிருந்தது. கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் சில நிமிடங்களுக்கு இழுக்கும் மின்சாரத்தைக் கார் இரவு முழுவதும் இடைவிடாமல் இழுக்கிறது. மறுநாளே எலக்ட்ரீசியனை அழைத்து, மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன், பளு மிகுந்தால் அணைக்கும் தனி எம்.சி.பி., கசிவைக் கண்டால் அணைக்கும் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த் எல்லாம் போட்டேன். இந்தச் செலவையும் காரின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது வெளியில் சார்ஜ் செய்வது. இங்கே விலையின் இயல்பே வேறு. வாகனத்துக்கு மின்னேற்றம் செய்வது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. அதற்கு மின்சாரச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் விளக்கம் அளித்தது. அந்த விளக்கத்தால்தான் உணவகம், பெட்ரோல் பங்க் என்று யாரும் சார்ஜர் வைக்க முடிந்தது. அதே தன்மையால் அந்தச் சேவையின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் வந்தது. வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரே மின்சாரம், வீட்டு வாசலைத் தாண்டியதும் வரிக்குள் வந்துவிடுகிறது.

வேக சார்ஜர்களில் யூனிட்டுக்கு வரி உட்பட ஏறக்குறைய 18 முதல் 25 ரூபாய் வரை வாங்குகிறார்கள். சென்ற பயணத்தில் விழுப்புரம் பக்கம் ஒரு நிலையத்தில் நான் நின்றதை அப்படியே சொல்கிறேன். திரையில் யூனிட் 20 ரூபாய் என்று இருந்தது. 22 சதவீதத்தில் செருகி, 80-இல் எடுத்தேன். ஐம்பது நிமிடம் ஆனது. 24.6 யூனிட் ஏறியிருந்தது. 492 ரூபாய், ஜி.எஸ்.டி. 88 ரூபாய் 56 காசு, மொத்தம் 580 ரூபாய் 56 காசு. அதாவது கையை விட்டுப் போனது யூனிட்டுக்கு 23 ரூபாய் 60 காசு. திரையில் தெரிவது வரிக்கு முந்தைய விலையா பிந்தைய விலையா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. செயலியில் பணம் போடும் முன் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள். சார்ஜ் முடிந்தபின்னும் காரை எடுக்காமல் விட்டால் சில இடங்களில் காத்திருப்புக் கட்டணமும் உண்டு.

இவ்வளவு விலை ஏன் என்று கோபம் வருவது இயல்பு. எனக்கும் வந்தது. ஆனால் நிலையம் நடத்துபவரின் பக்கம் நின்று பார்த்தால் ஓரளவு புரிகிறது. 60 கிலோவாட் சார்ஜர் என்பது ஏறக்குறைய நாற்பது ஏ.சி.யை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமமான பளு. அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், கேபிள் வேண்டும். கார் வந்தாலும் வராவிட்டாலும் வாங்கிவைத்த மின்பளுவுக்கு நிலைக்கட்டணம் உண்டு. இடம் கொடுத்த உணவகத்துக்குப் பங்கு, செயலிக்குச் செலவு, பழுதானால் உதிரிபாகம். ஒரு நாளில் இருபத்துநான்கு மணி நேரமும் கார்கள் வரிசையில் நின்றால் இந்தச் செலவெல்லாம் யூனிட்டுக்குச் சில காசுகளாகக் கரைந்துவிடும். நாளுக்கு நான்கைந்து கார் மட்டும் வந்தால் அந்த நான்கைந்து கார்தான் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்குகளில் 7,432 வேக சார்ஜிங் நிலையங்கள் அமைக்க மத்திய அரசு 2023-இல் 800 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்ததும், 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென 2,000 கோடி ஒதுக்கியதும் இந்த முதலீட்டுச் சுமையைக் குறைக்கத்தான். என் கருத்தில், அதைவிட விரைவாகப் பயன் தரக்கூடியது அந்த 18 சதவீத வரியைக் குறைப்பது. மின்சாரக் காருக்கும் அதன் சார்ஜர் கருவிக்கும் 2019 ஆகஸ்டிலேயே ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். சார்ஜ் செய்யும் சேவையை மட்டும் 18-இல் விட்டுவைப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பிளக் இல்லாதவர்தான் அந்த வரியை முழுமையாகக் கட்டுகிறார்.

நெடுஞ்சாலையில் வேகம் கூடுவதால் காற்றின் தடையும் கூடும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல செய்தி ஒன்று: வேக சார்ஜரில் மாறுதிசையை நேர்திசையாக மாற்றும் இழப்பு பெரும்பாலும் நிலையத்தின் கணக்கில் போய்விடுகிறது, உங்களுக்கு பில் வருவது காருக்குள் போகும் யூனிட்டுக்கு. 23 ரூபாய் 60 காசை ஆறால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 93 காசு. சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் காருக்கு 4 ரூபாய் 60 காசு. உங்கள் நண்பர் சொன்னது இந்த இடத்தில்தான் ஏறத்தாழ உண்மையாகிறது. பெட்ரோல் காரோடு ஒப்பிட்டால் மட்டும் நல்ல இடைவெளி இருக்கிறது.

ஆனால் மதுரைப் பயணம் முழுவதும் வெளி மின்சாரத்தில் ஓடுவதில்லை. இரவே வீட்டில் நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டுதான் கிளம்புவீர்கள். பல்லாவரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 450 கிலோமீட்டர். 75 யூனிட் வேண்டும். பேட்டரியில் 15 சதவீதம் மீதம் வைத்து இறங்குவதாக இருந்தால், வழியில் 40 யூனிட் ஏற்றினால் போதும்: 944 ரூபாய். வீட்டில் ஏற்றிய 40.5 யூனிட்டுக்கு மீட்டரில் 46 ஓடியிருக்கும். உங்கள் மேல் அடுக்கான 9 ரூபாய் 45 காசில் அது 435 ரூபாய். மொத்தம் 1,379, கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 6 காசு. லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால், 2,670 ரூபாய்க்கு மேல் ஆகும். சுங்கக் கட்டணம் இரண்டுக்கும் ஒன்றே. விழுப்புரத்தில் ஒருமுறை, திருச்சிக்கு அருகில் ஒருமுறை என இரண்டு குறுகிய நிறுத்தங்களாகப் பிரித்துக்கொள்வது, ஒரே இடத்தில் நூறு சதவீதத்துக்குக் காத்திருப்பதைவிட நல்லது. 80-க்கு மேல் பேட்டரி மெதுவாகத்தான் ஏற்கும். யூனிட் கணக்கில் பணம் வாங்கும் நிலையத்தில் அதனால் காசு கூடாது, உங்கள் நேரமும் பின்னால் நிற்பவரின் நேரமும்தான் போகும்.

மதுரையில் உறவினர் வீட்டில் இறங்கினால் இரவு அங்கேயே செருகிக்கொள்ளலாம் என்று தோன்றும். செய்யுங்கள், ஆனால் அவர்களுடைய அடுக்கை நினைத்துக்கொண்டு செய்யுங்கள். பெரியப்பா வீட்டில் அந்த பில் காலத்தில் 480 யூனிட் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓரிரவில் 30 யூனிட் ஏற்றினால் 510 ஆகிவிடும். 1,679 ரூபாய் வரவேண்டிய பில் 2,124 ரூபாய் வரும். நீங்கள் எடுத்த 30 யூனிட்டுக்கு அவர் கட்டுவது 445 ரூபாய், யூனிட்டுக்குப் பதினைந்து ரூபாயை ஒட்டி. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பணமாகக் கொடுத்தால் வாங்கவும் மாட்டார்கள். போகும்போது அதற்கு ஈடாகப் பழமோ இனிப்போ வாங்கிச் சென்றுவிடுவது என் வழக்கம்.

இவற்றையெல்லாம் சேர்த்து உங்கள் ஓட்டத்துக்கு ஒரு கலவைக் கணக்கு: இரண்டாயிரத்தில் 1,700 கிலோமீட்டருக்கு வீட்டு மின்சாரம், அதாவது 272 யூனிட், பில் 2,385 ரூபாய் கூடும். மீதி 300 கிலோமீட்டருக்கு வெளியில் 50 யூனிட், 1,180 ரூபாய். மொத்தம் 3,565, கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 78 காசு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் இதே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு 13,400 ரூபாய்க்கு மேல் ஆகும். ஐம்பது காசு என்ற வாக்கு பொய்த்தாலும் மிச்சம் சிறியதல்ல.

இதை மேலும் குறைக்க வழி உண்டா என்றால், உண்டு. அடுக்கு முறையில் கடைசியாக ஏறிய யூனிட்தான் முதலில் இறங்கும். அலுவலகத்தில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சார்ஜ் செய்ய இடம் இருந்தால், அங்கே ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் 9 ரூபாய் 45 காசைக் குறைக்கும். பழைய ஏ.சி.யை மாற்றுவதும் இப்போது முன்னைவிட அதிக லாபம். கார் வருமுன் அது மிச்சப்படுத்திய யூனிட்டின் விலை நான்கே முக்கால் ரூபாய், இப்போது அதன் இரு மடங்கு. எல்லாவற்றையும்விட உங்களைப் போலத் தனி வீடும் மொட்டைமாடியும் உள்ளவருக்கு சோலார் பொருத்தமானது. நம் ஊரில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட்டை ஒட்டித் தரும். இரண்டு கிலோவாட்டுக்கு ஒரு பில் காலத்தில் 480 யூனிட். 720-இல் அதைக் கழித்தால் நிகரமாக 240 யூனிட், பில் 423 ரூபாய். சோலார் இணைப்புக்கென்று உள்ள கட்டணங்கள் தனி. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் இருக்கிறது. பகலில் உற்பத்தி செய்து இரவில் காருக்கு ஏற்றினாலும், மின்வாரியத்துக்குக் கொடுத்ததையும் அங்கிருந்து எடுத்ததையும் சேர்த்து அளக்கும் நெட் மீட்டர் இருந்தால் இரண்டும் நேர்செய்யப்பட்டுவிடும். என் மதிப்பீட்டில் நான்கைந்து ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும்.

உங்கள் தம்பியின் நிலைமை வேறு. அவருடைய நிறுத்துமிடத்தில் பிளக் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரும் இதே அளவு ஓட்டி, முழுவதையும் நகரத்து வேக சார்ஜர்களில் ஏற்றினால், இரண்டு மாதத்துக்கு 286 யூனிட், 6,750 ரூபாய். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 37 காசு. பெட்ரோலில் பாதிதான், ஆனால் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்கும், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காருக்கு ஆகும் 4 ரூபாய் 60 காசிலிருந்து அதிக தூரமில்லை. அதோடு, ஒருமுறைக்கு 24 யூனிட் என்றால் பன்னிரண்டு முறை போய் நிற்க வேண்டும். ஏறக்குறைய பத்து மணி நேரம்.

ஆகவே அவர் காரைத் தேர்ந்தெடுக்கும் முன் குடியிருப்போர் சங்கத்திடம் பேசட்டும். மீட்டர் அறையில் உள்ள தன் சொந்த வீட்டு மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் வரை ஒரு லைன் இழுக்க அனுமதி கிடைத்தால் அதுவே சிறந்த ஏற்பாடு. கேபிள் எந்தச் சுவர் வழியாகப் போகும், எம்.சி.பி. எங்கே இருக்கும் என்று ஒரு காகிதத்தில் வரைந்து எடுத்துச் சென்றால் சங்கத்தின் கூட்டத்தில் பேச்சு சீக்கிரம் முடியும். சங்கம் பொது மீட்டரிலிருந்து இணைப்புத் தர முன்வந்தால், அந்த இணைப்பில் கார் சார்ஜ் செய்வதை மின்வாரியப் பிரிவு அலுவலகம் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை கட்டணப்படி பொதுப் பயன்பாட்டு விகிதம் யூனிட்டுக்கு எட்டரை ரூபாயை ஒட்டியது, நிலைக்கட்டணம் தனி. அடுக்கு கிடையாது என்பதால், தன் வீட்டில் ஏற்கெனவே 700, 800 யூனிட் ஓட்டும் குடும்பத்துக்கு அது சொந்த மீட்டரைவிட மலிவாகக்கூட அமையலாம். அவருடைய கடைசி ஆறு பில்களையும் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வழியிலும் கணக்குப் போட்டுத் தருகிறேன்.